ஆதாம், மரணம், பரிணாமம்: ரோமர் 5-ஐ எப்படி வாசிக்கிறீர்கள்?

தாமிரபரணி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த விஷயம் இங்கே முன்பும் பேசப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் "ஆறு நாள் என்பது 24 மணி நேர நாளா" என்பதையே சுற்றிவிட்டு முடிந்துபோகிறது. என் கேள்வி அது இல்லை. நான் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன், ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுக்கிறேன். பரிணாமம் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதிலும் சந்தேகம் இல்லை.

எனக்கு இடிப்பது ஆதாமும் மரணமும்தான். "ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்திலே பிரவேசித்தது" என்று ரோமர் 5:12 சொல்கிறது. அந்த ஒரே மனுஷனுக்கு எதிரில் நிறுத்தித்தான் பவுல் கிறிஸ்துவைக் காட்டுகிறார். ஆனால் மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பூமியில் சாவு இருந்திருக்கிறது, நோயும் இருந்திருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த சென்ட்ரோசாரஸ் என்ற டைனோசரின் காலெலும்பில் எலும்புப் புற்றுநோய் இருந்ததை 2020-ல் உறுதி செய்தார்கள். அது வாழ்ந்தது சுமார் 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன். எந்த மனிதனின் பாவத்தால் அதற்கு அந்த நோய் வந்தது?

பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். "அது பள்ளிக்கூடம், இது சபை" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. படைத்தவரும் மீட்டவரும் ஒருவரே என்று நம்புகிற நாம் அப்படிச் சொல்லவே கூடாது என்று நினைக்கிறேன். நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்?

பூர்வபாதை எழுதியது:

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்கிறேன்.

ஆதாமுக்கு முன் மரணம் இருந்தது என்றால் பவுல் சொன்னது நிற்காது. பவுல் சொன்னது நிற்காவிட்டால் சிலுவை எதற்கு? முடிச்சு எங்கே என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இனி ஒன்று வசனத்தை வளைக்க வேண்டும், இல்லையென்றால் பூமியின் வயது பற்றிய அனுமானத்தை விட வேண்டும். நான் இரண்டாவதைச் செய்கிறேன்.

யாத்திராகமம் 20:11-ஐயும் பாருங்கள். ஓய்வுநாள் கட்டளைக்குக் காரணமாகவே அங்கே ஆறு நாள் சிருஷ்டிப்பு சொல்லப்படுகிறது. மனுஷன் வேலை செய்கிற ஆறு நாள் சாதாரண நாள் என்றால் அந்த ஆறு நாளும் அப்படித்தான். ஆண்டவரே மாற்கு 10:6-ல் "ஆதியிலே" ஆணும் பெண்ணும் உண்டாக்கப்பட்டதாகச் சொல்கிறார். 450 கோடி ஆண்டு கணக்கில் மனுஷன் ஆதியில் இல்லை, கடைசியில்தான் வருகிறான்.

நான் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன். விஞ்ஞானத்துக்கு விரோதி இல்லை. கண்ணால் பார்க்காத பழங்காலத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

கருங்கல்காரன் எழுதியது:

ஐயா, "அனுமானம்" என்ற சொல்லுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். என் தொழில் பாறை.

சிர்கான் என்று ஒரு கனிமம் உண்டு. உருகிய பாறையில் அது படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய எடுத்துக்கொள்ளவே செய்யாது. ஆகவே பின்னாளில் அதற்குள் காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியத்தில் இரண்டு வகை. ஒன்றின் அரையாயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டு, இன்னொன்றுக்குச் சுமார் 70 கோடி. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வெவ்வேறு ஈயமாக மாறுகின்றன. ஒரே படிகத்தில் இரண்டையும் தனித்தனியாக அளந்து, இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் அதை அனுமானம் என்று சொல்லலாமா? கணிதம் கற்பித்தவர் நீங்களே சொல்லுங்கள். ஒத்துப்போகாத படிகங்களும் உண்டு. எந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை என்பதிலிருந்தே அந்தப் பாறை பிறகு எப்போது சூடேறியது என்று கணக்கிடுகிறார்கள். நம் கன்னியாகுமரிப் பக்கத்துப் பாறைகள் பூமிக்கடியில் வெந்து உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். நான் ஆலயத்துக்குப் போகிற வழியில் இருக்கிற பாறை அது.

இன்னொன்று. பூமி பழையது என்று ஆரம்பத்தில் சொன்னவர்களில் பலர் நாத்திகர்கள் இல்லை. ஆடம் செட்ஜ்விக், வில்லியம் பக்லேண்ட் இருவரும் ஆங்கிலிக்கன் குருமார்கள். நோவாவின் பெருவெள்ளத்தைப் பாறைகளில் தேடியவர்கள். தேடிப் பார்த்துவிட்டு, உலகம் முழுதும் மூடிய ஒரே வெள்ளத்தின் தடயம் இவை இல்லை என்று 1831-ல் செட்ஜ்விக் லண்டன் நிலவியல் சங்கத் தலைவராக நின்று வெளிப்படையாகச் சொன்னார். டார்வினின் நூல் வர அப்போது இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன.

மரபணுப்பொடியன் எழுதியது:

வணக்கம் ரீச்சர். நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவில் மரபியல் ஆய்வு செய்கிறேன். கருங்கல் அண்ணை பாறையைச் சொன்னார், நான் உடம்புக்குள்ளே இருப்பதைச் சொல்கிறேன்.

மனிதக் குரங்குகளுக்கு 24 சோடி நிறமூர்த்தம் (குரோமோசோம்), எங்களுக்கு 23. கூர்ப்பு (பரிணாமம்) உண்மையென்றால் அந்த ஒரு சோடி எங்கேயாவது போய் ஒட்டியிருக்க வேண்டும், தொலைந்திருந்தால் உயிர் தப்பாது. எங்களின் இரண்டாம் நிறமூர்த்தத்தைப் பாருங்கள். நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டிஎன்ஏ எழுத்துத் தொடர் நடுவிலே, தலையோடு தலை முட்டியபடி கிடக்கிறது. நடுக்கட்டு (சென்ட்ரோமியர்) ஒன்று வேலை செய்கிறது, செயலிழந்த இன்னொன்றின் மிச்சமும் தெரிகிறது. மனிதக் குரங்குகளில் தனித்தனியாக இருக்கும் இரண்டோடு அந்த இரண்டு பாதியும் வரிசை வரிசையாகப் பொருந்துகின்றன. 1991-ல் அந்த ஒட்டின இடத்தையே எழுத்தெழுத்தாக வாசித்து வெளியிட்டார்கள்.

அடுத்தது வைட்டமின் சி. பெரும்பாலான பாலூட்டிகள் அதை உடம்பிலேயே செய்துகொள்கின்றன. எங்களால் முடியாது, அதனால்தான் பழம் இல்லாத கப்பல் பயணங்களில் மாலுமிகள் ஸ்கேர்வி வந்து செத்தார்கள். கடைசிப் படிக்கான மரபணு எங்களிடம் இருக்கிறது, ஆனால் உடைந்துபோய் இருக்கிறது. சிம்பன்சியிடமும் அதே மரபணு உடைந்திருக்கிறது, உடைசல்களும் பொதுவாக இருக்கின்றன. கினிப் பன்றியிடமும் உடைந்ததுதான், ஆனால் வேறு விதமாக.

பூர்வபாதை எழுதியது:

தம்பி, ஒரே சிற்பி செய்த சிலைகளில் ஒரே கைவரிசை தெரியும். ஒற்றுமை இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று ஆகாது.

மரபணுப்பொடியன் எழுதியது:

ஐயா, வேலை செய்கிற பாகம் ஒன்றுபோல இருந்தால் உங்கள் வாதம் நிற்கும். வேலை செய்யாத பாகம், அதே இடத்தில் அதே மாதிரி உடைந்து கிடக்கிறதே? இரண்டு மாணவர்கள் சரியான விடையை ஒரே மாதிரி எழுதினால் நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். ஒரே பிழையை ஒரே வரியில் செய்திருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்?

கர்த்தர் வேண்டுமென்றே உடைந்த மரபணுவை வைத்து, வம்சாவளி இருப்பதுபோலக் காட்டினார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பொய் சொல்லாதவர் என்று நம்புகிறேன். வானமும் ஆகாயவிரிவும் அவர் கரத்தின் கிரியை என்றால் நிறமூர்த்தமும் அவர் கரத்தின் கிரியைதானே. அதில் எழுதியிருப்பதையும் பயபக்தியோடு வாசிக்கத்தான் வேண்டும்.

மறைக்கல்வி எழுதியது:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து கொஞ்சம். எங்களுக்கு இது பெரிய சண்டையாக இருந்ததில்லை என்று பலர் சொல்வார்கள், அது முழுக்கச் சரியில்லை. சீனாவில் கிடைத்த ஆதிமனித எலும்புகளான பீக்கிங் மனிதன் ஆய்வில் இருந்த இயேசு சபைக் குரு தெய்யார் தெ ஷார்தான் உயிரோடு இருந்தவரை தன் இறையியல் நூல்களை வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. இறந்த பிறகும் 1962-ல் அவர் எழுத்துகள் மீது ரோமை எச்சரிக்கை விடுத்தது.

ஆனால் பாதை திறந்தும் வந்திருக்கிறது. 1950-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தன் சுற்றுமடலில், மனித உடல் முந்தைய உயிரினத்திலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் ஆராயத் தடையில்லை என்றார். ஆன்மா மட்டும் கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பது நிபந்தனை. 1996-ல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று பாப்பிறை அறிவியல் கழகத்துக்கு எழுதினார். 2014-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கழகத்தில், கடவுள் மந்திரக்கோல் வைத்திருக்கும் மந்திரவாதி இல்லை என்றே பேசினார்.

டீச்சர் கேட்ட ஆதாம் விஷயத்தில்தான் எங்களுக்கும் இழுபறி. மனித இனம் பல மூதாதையரிடமிருந்து வந்தது என்பதைப் பிறப்புநிலைப் பாவத்தோடு (ஆதாமிடமிருந்து எல்லாருக்கும் பிறப்போடு வரும் பாவம்) எப்படி இணைப்பது என்று தெரியவில்லை என 1950 மடல் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை விலக்கிய ஆவணம் எதுவும் இதுவரை வரவில்லை. எங்கள் இறையியலாளர்கள் பலர் பல வழியில் எழுதுகிறார்கள்.

பூர்வபாதை ஐயாவுக்கு ஒன்று. ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் புனித அகுஸ்தீன் தொடக்கநூலுக்கு (ஆதியாகமம்) விரிவுரை எழுதினார். பூமி, வானம், விண்மீன்கள் பற்றிக் கிறிஸ்தவரல்லாதவருக்கே நன்றாகத் தெரிந்த விஷயத்தில் ஒரு கிறிஸ்தவர் மறைநூலைக் காட்டித் தப்பாகப் பேசினால், பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி அதே நூல் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று அதில் வருத்தத்தோடு கேட்கிறார். டீச்சரின் பிள்ளைகள் இன்று நிற்பது சரியாக அந்த இடத்தில்தான்.

ஈரோட்டான் எழுதியது:

நான் நம்பிக்கை இல்லாதவன். இந்த இழை கண்ணியமாகப் போவதால் எழுதுகிறேன், யாரையும் புண்படுத்த இல்லை.

வயதுக் கணக்கும் குரோமோசோமும் தீர்ந்த விஷயம். அதற்குப் பிறகும் உங்களுக்கு ஒரு பெரிய பிரச்சினை மிச்சம் இருக்கிறது, அதை டீச்சர் மட்டும்தான் தொட்டிருக்கிறார். பரிணாமம் என்பது எப்படி வேலை செய்கிறது? பிறப்பவற்றில் பெரும்பகுதி சந்ததி விடுவதற்கு முன்பே அழிகிறது, அந்த அழிவுதான் சல்லடை. பூமியில் தோன்றிய இனங்களில் மிகப் பெரும்பான்மை இன்று இல்லை. இதை அன்பான கடவுள் தேர்ந்தெடுத்த வழி என்று சொல்வீர்களா?

டார்வின் 1860 மே மாதம் ஹார்வர்டில் இருந்த தாவரவியலாளர் ஆசா கிரேக்கு ஒரு கடிதம் எழுதினார். உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, குஞ்சுகள் அதை உள்ளிருந்தே தின்று வளரும் குளவி இனம் ஒன்று உண்டு. நன்மையே உருவான, எல்லாம் வல்ல கடவுள் அதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்தான் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்திருந்தார். ஆதியாகமத்தை உருவகம் என்று சொல்லிவிடலாம். இந்தக் குளவியை என்ன சொல்வீர்கள்?

மறைக்கல்வி எழுதியது:

ஈரோட்டான், அந்தக் கடிதத்தைப் பெற்ற கிரே திடமான கிறிஸ்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டார்வினின் நூல் அமெரிக்காவில் முறையாக வெளிவர உழைத்தவர் அவர்தான். 1860-லேயே பத்திரிகையில் டார்வினுக்காக வாதாடினார். டார்வினும் 1879-ல் ஒருவருக்கு எழுதிய பதிலில், ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமவாதியாகவும் இருக்க முடியும் என்பதைச் சந்தேகிப்பதே அபத்தம் என்று எழுதி, கிரேயையே உதாரணம் காட்டினார். தன்னைப் பற்றிக் கேட்டால் அஞ்ஞேயவாதி (கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்) என்ற சொல்லே பொருந்தும் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது.

ஈரோட்டான் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல கிறிஸ்தவர்கள் பரிணாமத்தை ஏற்றார்கள் என்பது குளவிக்குப் பதில் இல்லையே. நான் கேட்டது முடியுமா என்று இல்லை, எப்படி என்று.

ஆயன் எழுதியது:

நான் போதகர், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவன். தாமிரபரணி அம்மாவின் கேள்விக்கும் ஈரோட்டானின் கேள்விக்கும் தனித்தனியாக எழுதுகிறேன், நீளமாகும்.

முதலில் ரோமர் 5. அந்த வசனத்தை முடிவுவரை வாசியுங்கள். மரணம் "எல்லா மனுஷருக்கும்" வந்தது என்பதுதான் பவுலின் பேச்சு. மிருகங்களின் சாவைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அதை நாம்தான் உள்ளே கொண்டுவருகிறோம். சங்கீதம் 104-ல் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்துத் தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன. அது பாவத்தின் விளைவாக அங்கே பாடப்படவில்லை, கர்த்தருடைய கிரியைகளின் ஞானத்துக்கு உதாரணமாகப் பாடப்படுகிறது. யோபு 39-ல் கழுகின் குஞ்சுகள் இரத்தம் உறிஞ்சுவதைக் கர்த்தரே தம் வாயால் சொல்கிறார். வேதத்துக்குள்ளேயே இரைபிடிக்கும் விலங்கு தேவனுடைய விலங்குதான்.

அடுத்து மனுஷனின் மரணம். "அதைப் புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்று ஆதியாகமம் 2:17 சொல்கிறது. ஆதாம் அன்றைக்குச் சாகவில்லை, 930 வயதுவரை இருந்தான் என்று 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. அன்றைக்கு என்ன செத்தது? தேவனோடு இருந்த உறவு. ஒளிந்துகொள்கிறார்கள், வெட்கப்படுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். தோட்டத்தில் ஜீவவிருட்சம் இருந்ததையும் கவனியுங்கள். இயல்பிலேயே சாவில்லாதவனுக்கு அந்த மரம் எதற்கு? மனுஷன் மண்ணாகப் படைக்கப்பட்டான், சாகும் தன்மையோடுதான் படைக்கப்பட்டான், தேவனோடு இருந்தால் பிழைப்பான் என்று நான் வாசிக்கிறேன். பரிணாமத்துக்குப் பயந்து இப்படி வாசிக்கவில்லை. அந்த அதிகாரங்களே அப்படித்தான் ஓடுகின்றன.

நாம் பழகிய சித்திரம் என்ன? குறையே இல்லாத முழு மனிதன் ஒருவன் உச்சியிலிருந்து விழுந்தான். இது பெரும்பாலும் அகஸ்டின் (மேலே சொன்ன அகுஸ்தீன்தான்) வழி மேற்கத்திய சபைக்கு வந்தது, அங்கிருந்து மிஷனரிகள் மூலம் நமக்கு. அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரேனியு என்ற ஆதிசபைப் பேராயர் வேறு விதமாக எழுதினார். ஆதாமும் ஏவாளும் குழந்தைகளைப்போல இருந்தார்கள், வளர்ந்து முதிர வேண்டியவர்கள், பொறுமையில்லாமல் தவறினார்கள் என்றார். கிறிஸ்து வந்தது பழைய இடத்துக்குத் திருப்பி வைக்க மட்டுமல்ல, மனுஷன் இன்னும் எட்டாத முதிர்ச்சிக்குக் கொண்டுபோகவும்தான் என்பது அவர் பார்வை. மெதுவாக வளர்ந்து, தேவனை அறியும் நிலைக்கு வந்து, அறிந்தபின் விலகிப்போன ஒரு மனித இனத்தைப் பற்றி அறிவியல் பேசும்போது, ஐரேனியுவின் ஆதாம் எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. கிழக்குச் சபைகள் இன்றும் ஆதாமிடமிருந்து நமக்கு வருவது சாவும் சீரழிவும் என்பார்கள், அவனுடைய குற்றமே நம் கணக்கில் எழுதப்படுகிறது என்பதை அழுத்த மாட்டார்கள்.

இனி குளவி. ஈரோட்டான், உங்களுக்கு விளக்கம் தர என்னால் முடியாது. சிலர், இந்த வழியில் அல்லாமல் சுதந்திரமும் அறிவும் உள்ள உயிர்கள் உருவாகவே முடியாது என்கிறார்கள். இருக்கலாம். பிள்ளையை இழந்த தாயிடம் போய் நான் அதைச் சொல்ல மாட்டேன், ஆகவே இங்கேயும் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது ரோமர் 8. சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று பவுல் எழுதினார். நான் ஆராதிக்கிற தேவன் அந்தத் தவிப்பை மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் இல்லை. மாம்சமாகி, இரையாகிறவர்களின் பக்கம் வந்து, தாமே கொல்லப்பட்டவர். மாம்சம் என்றால் கூடவே அந்த உடைந்த வைட்டமின் சி மரபணுவும்தான். இயேசுவின் உடம்பிலும் அது உடைந்தே இருந்திருக்கும். அவர் உண்மையான மனுஷன் என்று நாம் அறிக்கையிடுவதில் அதுவும் அடங்கும். இது உங்கள் கேள்வியைத் தீர்க்காது. ஆனால் வேறு ஏதோ ஒரு கடவுளை விட்டுவிட்டு இவரை ஏன் பற்றிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு இதுதான் காரணம்.

ஈரோட்டான் எழுதியது:

விளக்கம் இல்லை என்று ஒரு போதகர் நேராகச் சொன்னதை மதிக்கிறேன். எனக்கு அது போதாது. ஆனாலும் நான் வழக்கமாகக் கேட்கும் பதில்களைவிட இது எவ்வளவோ மேல்.

தாமிரபரணி எழுதியது:

போதகர் ஐயா, மிகவும் நன்றி. உடைந்த மரபணு இயேசுவின் உடம்பிலும் இருந்திருக்கும் என்ற வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் ஒன்றை விட முடியவில்லை. "ஒரே மனுஷன்" என்ற இடம். மிருகங்களின் சாவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், சரி. மரணத்தை உறவின் முறிவாக வாசித்தீர்கள், அதுவும் சரி. அந்த முறிவைத் தொடங்கியவன் என்று ஒருவன் இருந்தானா? அவனை எடுத்துவிட்டால் பவுலின் ஒப்பீட்டில் ஒரு பக்கம் காலியாகிறதே? மரபணு ஆய்வில் இரண்டே பேர் என்பதற்கு இடம் உண்டா, தம்பி?

மரபணுப்பொடியன் எழுதியது:

ரீச்சர், இரண்டு பேர் மட்டுமே இருந்து, சில ஆயிரம் ஆண்டுகளில் அவர்களிடமிருந்தே எல்லா மனிதரும் வந்தார்கள் என்பதற்கு இடமில்லை. இரண்டு பேரிடம் ஒரு மரபணுவுக்கு அதிகபட்சம் நான்கு வடிவங்கள்தான் இருக்க முடியும். நோய் எதிர்ப்புக்கான எச்எல்ஏ மரபணுக்களில் சிலவற்றுக்கு இன்று ஆயிரக்கணக்கான வடிவங்கள் உண்டு. சில வடிவங்களின் கிளை மனிதனும் சிம்பன்சியும் பிரிவதற்கு முன்பே தொடங்கியது. எங்கள் முன்னோர் எப்போதும் ஒரு கூட்டமாகவே இருந்திருக்கிறார்கள் என்பதுதான் துறையில் பெரும்பாலானோர் முடிவு. 1987-ல் பேசப்பட்ட "மைட்டோகாண்ட்ரிய ஏவாள்" பற்றி சபைகளில் அடிக்கடி சொல்வார்கள். அவர் அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரே பெண் இல்லை. இன்றிருக்கும் எல்லாரின் தாய்வழியும் போய்ச் சேர்வது அவரிடம், அவ்வளவுதான்.

ஆனால் மரபணு வழி வேறு, வம்சாவளி வேறு. உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு முந்தைய ஏதோவொரு தாத்தாவின் மரபணுவில் ஒரு துண்டுகூட உங்களிடம் இல்லாமல் போயிருக்கலாம், அப்போதும் அவர் உங்கள் மூதாதைதான். இன்று உயிரோடு இருக்கும் எல்லாருக்கும் பொதுவான மூதாதை ஒருவர் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்திருக்கக்கூடும் என்று 2004-ல் ஒரு கணிதக் கட்டுரை காட்டியது. இதை வைத்து அமெரிக்காவில் ஜோஷுவா சுவாமிதாஸ் என்ற விஞ்ஞானி ஒரு வாதம் வைக்கிறார். கூர்ப்பில் வந்த பெரிய மனிதக் கூட்டம் வெளியே இருந்தது, தோட்டத்தில் ஒரு சோடி இருந்தது, பிற்பாடு இரண்டும் கலந்தன, காலப்போக்கில் அந்தச் சோடி எல்லாருக்கும் மூதாதையானார்கள் என்று. அறிவியல் இதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. காயீன் தன்னைக் கண்டுபிடிப்பவன் கொன்றுபோடுவான் என்று பயந்தானே, அவர்கள் யார் என்ற பழைய கேள்விக்கும் இதில் இடம் கிடைக்கிறது. என் மனதுக்கு இது கொஞ்சம் கட்டி ஒட்டினதுபோலப் படுகிறது, ஆனால் பிழை என்று சொல்ல என்னிடம் தரவு இல்லை.

ஆயன் எழுதியது:

என் பதில் வேறு. அந்த வழியை நான் தள்ளவில்லை, தேவைப்படவில்லை. நான் ஆதாமை இஸ்ரவேலின் கதையாகவும் எல்லா மனுஷரின் கதையாகவும் வாசிக்கிறேன். தேசம் கொடுக்கப்பட்டது, கட்டளை கொடுக்கப்பட்டது, மீறினார்கள், துரத்தப்பட்டார்கள். பவுலுக்கு ஆதாம் ஒரு தனி மனிதன் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அவர் ரோமருக்கு நிரூபிப்பது ஆதாம் இருந்தான் என்பதை இல்லை. கிறிஸ்துவின் கிருபை யூதனையும் கிரேக்கனையும் ஒருசேர எட்டுகிறது என்பதை. பாவம் எல்லாரையும் பிடித்திருக்கிறது என்பதற்கு எனக்கு ஆதாமின் எலும்பு வேண்டாம், என் சபையும் என் இருதயமும் போதும். இதில் பூர்வபாதை ஐயா என்னோடு ஒத்துப்போக மாட்டார் என்று தெரியும்.

பூர்வபாதை எழுதியது:

ஒத்துப்போக மாட்டேன், ஐயா. பவுல் ஒரு தனி மனிதனை நம்பினார், நான் நம்ப வேண்டியதில்லை என்றால், பவுல் நம்பிய உயிர்த்தெழுதலை மட்டும் நான் ஏன் நம்ப வேண்டும்? இந்தச் சரிவில் எங்கே நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நிறையப் பிள்ளைகள் நிற்காமலே போனதைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பாரத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். இங்கே எழுதிய யாரும் கர்த்தரை மறுதலிக்கிறவர்களாக எனக்குத் தெரியவில்லை, ஈரோட்டுத் தம்பி தவிர. அவரும் மரியாதையாகத்தான் பேசினார். சிர்கானில் இரண்டு கடிகாரமும் ஒத்துப்போவதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. யோசிக்கிறேன்.

கருங்கல்காரன் எழுதியது:

ஐயா, உங்கள் பாரம் புரிகிறது. நானும் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து அவர்களில் பலர் பரிணாமத்தால் போகவில்லை. "இதை நம்பினால் அதை விடு" என்று சபையில் சொன்னதை அப்படியே நம்பி, கல்லூரியில் ஆதாரத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள். வேதம் பிழையற்றது என்று அமெரிக்காவில் கடுமையாக வாதாடிய பிரின்ஸ்டன் இறையியலாளர் பி. பி. வார்ஃபீல்டே பரிணாமத்துக்குக் கதவை அடைக்கவில்லை. உலகம் ஆறாயிரம் ஆண்டு, பாறை அடுக்கெல்லாம் நோவா வெள்ளம் என்ற வாதம் சுவிசேஷ சபைகளில் இவ்வளவு பரவியது 1961-ல் விட்கோம், மாரிஸ் இருவர் எழுதிய நூலுக்குப் பிறகுதான். நம் தாத்தாக்கள் காலத்து விசுவாசம் அது என்று நினைப்பது சரியில்லை.

நம் ஊர்ச் சங்கதி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1863 மே 30-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்திய மண்ணில் மனிதனின் பழமையைத் திறந்துவிட்ட கல் அது. அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் கண்டுபிடித்த அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளின் வயது, 2011-ல் வெளியான ஆய்வின்படி, குறைந்தது 10 லட்சம் ஆண்டு, சுமார் 15 லட்சமாகவும் இருக்கலாம். இந்த ஃபூட்டின் மாமனார் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்த அதே பாதிரியார். மாமனார் வேதத்தைத் தமிழில் கொண்டுவந்தார், மருமகன் தமிழ் மண்ணிலிருந்து கற்கருவியைத் தோண்டினார்.

மரபணுப்பொடியன் எழுதியது:

பெர்சிவலின் மருமகன் என்று எனக்குத் தெரியவே தெரியாது அண்ணை! அவர் நடத்தின பள்ளிக்கூடத்தின் வழியில் வந்ததுதான் எங்கள் ஊர் மத்திய கல்லூரி.

ஒரு எச்சரிக்கை மட்டும், ரீச்சர். பிள்ளைகளிடம் பேசும்போது "இதை விஞ்ஞானத்தால் விளக்க முடியவில்லை, ஆகவே இங்கே கடவுள்" என்ற வழிக்குப் போகாதீர்கள். 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பள்ளியில் பரிணாமத்துக்கு மாற்றாக "அறிவார்ந்த வடிவமைப்பு" என்பதைச் சொல்வது பற்றி நடந்த டோவர் வழக்கில் அதுதான் நடந்தது. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் சவுக்கு போன்ற இழை படிப்படியாக வந்திருக்க முடியாது என்று ஒரு பக்கம் சொன்னது. அது எப்படி வந்திருக்க முடியும் என்று எதிர்ப்பக்கம் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். நீதிமன்றம் மில்லர் பக்கமே நின்றது. மனித மரபணுத் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் கொலின்ஸ் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு. ஆனாலும் மனச்சாட்சியைக் கூர்ப்பால் விளக்க முடியாது என்று அவர் வாதாடும் இடத்தில் அதே ஆபத்து இருக்கிறதாக நினைக்கிறேன். நாளைக்கு யாராவது விளக்கிவிட்டால் பிள்ளையின் விசுவாசம் என்னாகும்? விளக்கம் கிடைத்த இடத்திலும் அவரே கர்த்தர் என்று சொல்லிக் கொடுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஈரோட்டான் தம்பி, உங்களுக்கும். குளவிக் கேள்வியைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கப் போவதில்லை.

நான் செய்ய நினைப்பது இது. முதல் வாரம் ஆதியாகமம் 1, 2 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்வேன். முதலாவதில் மிருகங்களுக்குப் பிறகு மனுஷன், இரண்டாவதில் மனுஷனுக்குப் பிறகு மிருகங்கள் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அடுத்த வாரம் இரண்டாம் குரோமோசோம் படத்தைச் சுவரில் ஒட்டி, அதே அறையில் சங்கீதம் 104. ரோமர் 5-ஐக் கடைசியில் வைக்கிறேன். ஆதாம் தனி மனிதனா என்பதில் சுவாமிதாஸ் வழி, ஆயன் போதகர் வழி, பூர்வபாதை ஐயா வழி மூன்றையும் சொல்வேன். மூன்றாவதை நான் ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்றும் சொல்வேன். மற்ற இரண்டில் போதகர் வழிக்குச் சாய்கிறேன், இன்னும் முழுசாக இல்லை.

ஐயா, "பவுல் நம்பியதை எங்கே நிறுத்துவது" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியை உங்கள் வார்த்தையிலேயே வகுப்பில் வைக்கிறேன். பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று இங்கே எழுதுகிறேன். கருங்கல் அண்ணா, சிர்கான் படம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். தம்பி, குரோமோசோம் படம் உங்கள் பொறுப்பு. தமிழில் எழுதி அனுப்பினால் அப்படியே அச்சடித்துக்கொள்வேன்.